நம்ம ராம்நாட்டு மணலுக்கு வீட்டுக் கொட்டாயிலயே ஹெவி ஆக்சில் போட்ட ஃபோர் வீல் ஜீப்: முழு வழிகாட்டி

தொண்டியில இருந்து சாயல்குடி வரைக்கும் நம்ம கரையில வண்டி ஓட்டுனவங்களுக்குத் தெரியும், இங்க ஏற மலை கிடையாது, ஆனா வண்டிய முழுங்குறதுக்கு வேற மூணு இடம் இருக்கு. ஒண்ணு பொடி மணல், மேல காஞ்சு கிடக்கும், டயர் சுத்துன உடனே ஆக்சில் வரைக்கும் இறங்கிரும். ரெண்டாவது வாலிநோக்கம் மாதிரி உப்பளத்து ஓரத்துச் சதுப்பு, பாக்க வெள்ளையா கெட்டித் தரையா தெரியும், மேல் பொருக்கு உடைஞ்சா கீழ பூராம் களி. மூணாவது உள்ள தள்ளி முதுகுளத்தூர் கமுதிப் பக்கத்துக் கரிசல், ஐப்பசி கார்த்திகை மழையில அது டயர்ல ஒட்டி ஒட்டி மட்கார்டு வரைக்கும் அடைச்சிரும். இது மூணுக்கும் மேல எந்நேரமும் உப்புக் காத்து.

இதுக்கு ஏத்த மாதிரி வண்டி கட்டணும்னு சொன்னா எல்லாரும் மொதல்ல இன்ஜினத்தான் கேக்குறாங்க, எந்த இன்ஜின் போடலாம், டர்போ வெக்கலாமான்னு. நான் சொல்றது ஒண்ணுதான், ஆக்சில்ல இருந்து ஆரம்பிங்க. ஆக்சில் என்னன்னு முடிவாயிட்டா டயர் சைஸ், க்ரவுன் ரேஷியோ (ஆக்சில் உருண்டைக்குள்ள இருக்கிற க்ரவுன்ங்கிற பெரிய பல் சக்கரத்துக்கும் பினியன்ங்கிற சின்னதுக்கும் உள்ள பல்லு விகிதம்), பிரேக், ஸ்டீரிங், ப்ரொப்பல்லர் (ஆக்சிலுக்குச் சுத்து கொண்டுபோற நீளத் தண்டு) நீளம் எல்லாம் அது பின்னாலயே வரும். இன்ஜின் பெருசாக்கிட்டு அப்புறம் ஆக்சில் தேடுனீங்கன்னா ஒவ்வொண்ணா ஒடைச்சு ஒடைச்சு மாத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

சட்டமும் கரையும்

இத கடைசியில சொன்னா யாரும் படிக்க மாட்டாங்க, அதனால மொதல்லயே சொல்லிர்றேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-வது பிரிவுப்படி கம்பெனி குடுத்த அடிப்படை அமைப்ப மாத்தி ரோட்ல ஓட்டக் கூடாது, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையேதான் உறுதி பண்ணுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல 182ஏ பிரிவுல ஓனருக்கே 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்லாட்டி ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5000 ரூபா அபராதம், இல்ல ரெண்டும்னு இருக்கு. அதனால ஆரம்பத்துலயே ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணிக்கோங்க. சொந்த தோப்புக்குள்ள, சொந்த நிலத்துல மட்டும் ஓடப்போற வண்டியா, அப்படின்னா டிரெய்லர்ல ஏத்திக் கொண்டுபோங்க. ரோட்லயும் ஓடணுமா, அப்ப உங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல என்ன மாத்தப் போறீங்கன்னு எழுதிக் குடுத்து, பதிலையும் எழுத்துல வாங்கிட்டுத்தான் கட்டர் மிஷினக் கையில எடுக்கணும். இன்சூரன்ஸ் விஷயமும் இதே கதைதான், ஆர்.சி.யில இல்லாத மாத்தம் வண்டியில இருந்தா விபத்து ஆகும்போது கிளைம் சிக்கலாயிரும்.

கரையப் பத்தியும் மனசாரச் சொல்றேன். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல இருக்கிற 21 தீவையும் சுத்தி மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, 1986ல அறிவிச்சது. அந்தக் கரையோரத்துல ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் ஆமை ஏறி முட்டை போடுற காலம், முட்டை மணலுக்குள்ள இருக்கும், மேல வண்டி ஏறுனா மணல் இறுகிக் குஞ்சு வெளிய வர முடியாது. அதே மாதிரி அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் படர்ந்திருக்கிற மணல் மேடுதான் புயல் வரும்போது நம்ம குப்பத்துக்கு முன்னால நிக்கிற சுவரு, அதுல ஏறி விளையாடாதீங்க. கரையில வண்டிக்கு வேலை இருக்குன்னா வள்ளம் இழுக்குற தளம், மீன் ஏத்துற இடம், அங்க ஊர் ஆளுககிட்ட கேட்டுட்டு டிராக்டர் போற தடத்துலயே போங்க. ஓட்டிப் பழகுறதுக்கு நம்ம பனங்காட்டு மணலே போதும்.

எந்த வண்டிய எடுத்துக் கட்டுறது

ஏணி மாதிரி சேசிஸ் (வண்டியோட அடிச் சட்டம்) இருக்கணும், முன்னாடி பின்னாடி ரெண்டுலயும் முழு ஆக்சில் இருக்கணும், பட்டை ஸ்பிரிங் இருந்தா வீட்ல வேலை பாக்குறதுக்கு ரொம்ப லேசு. அதனால பழைய மஹிந்திரா ஜீப் வகை, எம்.எம். 540, கமாண்டர் ஃபோர் வீல் இதெல்லாம் நல்ல தொடக்கம். ஜிப்ஸி வெயிட் கம்மி, மணல்ல அது பெரிய பலம், ஆனா அதோட ஆக்சில் பெரிய டயரத் தாங்காது, அது மேல ஹெவி ஆக்சில் போட்டா வெயிட் கம்மிங்கிற பலமே போயிரும். சுமை இழுக்குற வேலைக்கு நான் ஜீப் பக்கம்தான்.

வாங்கப் போகும்போது பெயின்ட்டப் பாக்காதீங்க. ஒரு சின்ன சுத்தியல் கொண்டுபோயி சேசிஸ் பூராம் தட்டிக்கிட்டே போங்க, கணீர்னு கேட்டா இரும்பு இருக்கு, பொத்துன்னு கேட்டா உள்ள துரு தின்னுருக்கு. முக்கியமா பின்னாடி பட்டை முனையத் தாங்குற சாக்கில் தொங்குற இடம், ஸ்டீரிங் பாக்ஸ் போல்ட் பண்ணியிருக்கிற இடம், பாடி மவுண்ட்டுக்குக் கீழ. பெட்டி மாதிரி மூடுன சேசிஸ்ல உள்ள மணல் தேங்கி ஈரத்தப் புடிச்சு வெச்சுக்கிட்டு உள்ளருந்து வெளிய அரிக்கும், அதனால வெளிய பளபளப்பா இருக்கிறதே ஒரு எச்சரிக்கை. கடற்கரைக்காரங்க ஓட்டுன வண்டிய விட மதுரை, திண்டுக்கல் பக்கம் ஓடுன வண்டி சேசிஸ் கெட்டியா இருக்க வாய்ப்பு அதிகம், ஆர்.சி., ஃபிட்னஸ் மட்டும் நல்லா பாத்துக்கோங்க.

ஆக்சில் தேர்வு, இதுலதான் நிறைய நேரம் செலவு பண்ணணும்

ஆக்சில் ரெண்டு வகை. செமி ஃப்ளோட்டிங்ல வண்டி வெயிட்டத் தாங்குறதும் ஷாப்ட்தான், சக்கரத்தச் சுத்துறதும் அதே ஷாப்ட்தான், ஷாப்ட் ஒடைஞ்சா சக்கரத்தோட வெளிய வந்துரும். ஃபுல் ஃப்ளோட்டிங்ல ஹப்புக்குள்ள ரெண்டு டேப்பர் பேரிங் இருக்கும், வெயிட்ட ஹவுசிங்கே (ஆக்சிலோட வெளிக் கூடு) தாங்கிக்கும், ஷாப்ட் சுத்துற வேலைய மட்டும் பாக்கும். ஒடைஞ்சாலும் சக்கரம் நிக்கும், ஒடைஞ்ச ஷாப்ட்ட உருவிட்டு, அது பின்னாடி ஆக்சிலா இருந்தா பின் ப்ரொப்பல்லரயும் கழட்டிட்டு, முன் வீல் டிரைவ்லயே வீடு வந்து சேரலாம். காயலான் கடையில பாத்த உடனே கண்டுபிடிக்கிறது எப்படின்னா, வீல் நடுவுல ஹப் வெளிய துருத்திக்கிட்டு அதோட முகத்துல வட்டமா சின்ன போல்ட்டுக இருந்தா ஃபுல் ஃப்ளோட்டிங், லாரிப் பின் சக்கரத்தப் பாத்தாலே விளங்கிரும்.

ஹெவி ஆக்சில் நமக்கு என்னத்துக்குத் தேவைன்னா, மணல்ல டயர் சும்மா சுத்திக்கிட்டே இருக்கும்போது திடீர்னு ஈர மணல் அகப்பட்டு டக்குன்னு பிடிக்கும், அந்த ஒரு நொடி அதிர்ச்சி பூராம் ஷாப்ட்லயும் க்ரவுன் பல்லுலயும் போய் விழும். டயர் பெருசாக ஆக அந்த அடியும் பெருசாகும். இதுல வள்ளத்தக் கட்டி இழுக்குற சுமையும் சேந்தா பழைய மெலிஞ்ச ஷாப்ட் முறுக்கி அந்து போயிரும்.

ஆனா ஒண்ணு, பெருசு எல்லாம் நல்லதுன்னு கிளம்பிராதீங்க. சிலர் டாடா 407 பின் ஆக்சில ஜீப்ல ஏத்தணும்னு ஆசைப்படுறாங்க. அது ஒடையாதுதான், ஆனா அந்த வெயிட்டு ஸ்பிரிங்குக்குக் கீழ தொங்குற வெயிட்டு, ஜீப்புப் பட்டை அத அடக்க முடியாம வண்டி குதிக்கும், மணல்ல இன்னும் ஆழமா இறங்கும். இப்ப இருக்கிறதுக்கு ஒரு படி மேல போங்க, மூணு படி வேணாம். அளவு புரியுறதுக்கு, ஜீப்காரங்க எல்லா நாட்லயும் ஒப்பிட்டுப் பேசுறது டானாங்கிற ஆக்சில் கம்பெனியோட நம்பர்: டானா 30ல க்ரவுன் விட்டம் 7.2 இஞ்ச், டானா 44ல எட்டரை இஞ்ச், டானா 60ல ஒம்பதே முக்கா இஞ்ச். 31 இஞ்ச் டயர் வரைக்கும், நல்ல நிலையில இருக்கிற டானா 44 அளவு ஆக்சில் நம்ம மணலுக்குத் தாராளம். கிடைக்கிற ஆக்சிலோட க்ரவுன் விட்டத்த ஸ்கேல் வெச்சு அளந்து இதோட ஒப்பிட்டுக்கோங்க, விக்கிறவர் சொல்ற பேர நம்பாதீங்க. ராணுவத்துல கழிச்ச ஜோங்கா, நிசான் ஒன் டன் வண்டிக ஆக்சில் சில சமயம் ஏலத்துல வாங்குன ஆளுககிட்ட கிடைக்கும், இரும்பு கெட்டி, ஆனா சீல், பேரிங், க்ரவுன் செட் திரும்பக் கிடைக்குமான்னு விசாரிச்சிட்டு வாங்குங்க. மதுரையில போய் வாங்கிட்டு வர முடியாத உதிரிப் பொருள் உள்ள ஆக்சில் நமக்கு ஒத்து வராது.

வாங்குறதுக்கு முன்னாடி அளக்க வேண்டியது: ஒரு பக்கம் வீல் உக்காருற முகத்துல இருந்து மறுபக்கம் முகம் வரைக்கும் அகலம். ஸ்டட் (வீல் மாட்டுற போல்ட்டு) எத்தனை, எந்த வட்டத்துல, ஜீப்புக்கும் ஜிப்ஸிக்கும் 5 ஸ்டட், 139.7 எம்எம். முன் ஆக்சில்ல க்ரவுன் உருண்டை எந்தப் பக்கம் தள்ளி இருக்குன்னு பாருங்க, டிரான்ஸ்ஃபர் கேஸ்ல (இன்ஜின் சுத்த முன் பின் ஆக்சிலுக்குப் பிரிச்சுக் குடுக்குற பெட்டி) இருந்து முன்னாடி ஷாப்ட் எந்தப் பக்கம் வெளிய வருதோ அதே பக்கம் இருக்கணும். உருண்டை மறு பக்கம் இருக்குன்னு ஆக்சிலத் தலைகீழா கவுத்துப் போடலாம்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, சக்கரம் பின்னாடி சுத்தும்.

ரேஷியோ கணக்கு லேசுதான். பழைய ரேஷியோவ புது டயர் விட்டத்தால பெருக்கி பழைய டயர் விட்டத்தால வகுங்க. 28 இஞ்ச் டயர்ல 4.27 ஓடுன வண்டிக்கு 31 இஞ்ச் போட்டா 4.73 வரும், பக்கத்துல கிடைக்கிற செட் 4.88, அதப் போட்டா வண்டி பழைய இழுவைக்கு வந்துரும், கொஞ்சம் கூடவே இருக்கும். பழைய ஜீப்புகள்ல 5.38 வரைக்கும் வந்திருக்கு, அது இழுவைக்குப் பிரமாதம், ஆனா ராம்நாட்டுல இருந்து மதுரைக்கு ஓட்டுனா இன்ஜின் கத்திக்கிட்டே வரும். மொத்த இழுவை தெரியணும்னா முதல் கியர், டிரான்ஸ்ஃபர் கேஸோட லோ ரேஞ்ச், ஆக்சில் மூணோட ரேஷியோவையும் பெருக்குங்க. முதல் கியர் 4, லோ 2.46, ஆக்சில் 4.88ன்னா கிட்டத்தட்ட 48. மணலுக்கு இதுக்கு மேல தேவையே இல்ல, மணல்ல வேகமும் கொஞ்சம் வேணும். முக்கியமா முன்னாடியும் பின்னாடியும் ரேஷியோ ஒண்ணாத்தான் இருக்கணும், இல்லாட்டி ஃபோர் வீல் போட்ட உடனே ரெண்டு ஆக்சிலும் ஒண்ண ஒண்ணு இழுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் நொறுங்கும். ரெண்டு ஆக்சிலயும் பல்லு எண்ணிப் பாத்து உறுதி பண்ணுங்க, க்ரவுன் பல்லு எண்ணிக்கைய பினியன் பல்லால வகுத்தா ரேஷியோ.

இடமும் சாமானும்

சிமென்ட் தரை இல்லாம இந்த வேலையத் தொடங்காதீங்க. மணல் தரையில ஜாக்கி போட்டா சாஞ்சிரும், வண்டிக்குக் கீழ படுத்து வேலை பாக்குற ஆளு உசுரு அதுல இருக்கு. ஜாக்கிய நம்பி கீழ போகக் கூடாது, நல்ல ஸ்டாண்டு நாலு, அதுக்கு மேல சக்கரத்தக் கழட்டி சேசிஸுக்குக் கீழ படுக்க வெச்சிருங்க. செங்கல், ஹாலோ பிளாக் வெச்சு முட்டுக் குடுக்கவே கூடாது, அது சொல்லாம கொள்ளாம வெடிச்சுப் பொடியாயிரும். வெல்டிங் பண்ணப்போற அன்னைக்கு டீசல் டேங்க், பெட்ரோல் டேங்க் வண்டியில இருக்கக் கூடாது, பேட்டரி ரெண்டு வயரும் கழட்டி இருக்கணும், பக்கத்துல ஒரு வாளி மணலும் தீயணைப்பானும் இருக்கணும். ஓலைக் கொட்டாய்க்குள்ள வெல்டிங் வேணாம், தகரக் கூரைக்குக் கீழ வெச்சுக்கோங்க.

எல்லாத்தையும் வீட்ல பண்ணணும்னு வைராக்கியம் வேணாம். கழட்டுறது, சுத்தம் பண்றது, அளவு எடுக்குறது, பூட்டுறது, பெயின்ட் இதெல்லாம் வீட்ல. ப்ரொப்பல்லர் வெட்டி பேலன்ஸ் பண்றது லேத்துல. க்ரவுன் பினியன் செட்டிங்க உங்களுக்குக் கை வராதுன்னு தோணுச்சுன்னா அதுல தேறுன மெக்கானிக்ககிட்ட குடுங்க, பக்கத்துலயே நின்னு பாருங்க, அடுத்த தடவை நீங்களே பண்ணலாம்.

ஆக்சில் உள்வேலை

வாங்குன ஆக்சில் நல்லா இருக்குன்னு சொன்னாலும் முழுசாப் பிரிங்க. டீசல்ல கழுவுங்க, பேரிங்க விரல்ல சுத்திப் பாருங்க, ரேஸ்ல (பேரிங் உருளுற வளையம்) புள்ளி புள்ளியா குழி இருந்தா தண்ணி உள்ள நின்ன வண்டின்னு அர்த்தம், எல்லா பேரிங்கும் எல்லா சீலும் புதுசு. ஹவுசிங் டியூப் வளைஞ்சிருக்கான்னு ரெண்டு முனையிலயும் நூல் கட்டிப் பாருங்க, சந்தேகமா இருந்தா லேத்துல குடுத்துப் பாத்துருங்க.

க்ரவுனும் பினியனும் எப்பவும் ஜோடியாத்தான் மாத்தணும். பூட்டும்போது மூணு விஷயம்: பினியன் எவ்வளவு ஆழம், பினியன் பேரிங் இறுக்கம், க்ரவுனுக்கும் பினியனுக்கும் நடுவுல உள்ள ஆட்டம். அந்த ஆட்டத்த டயல் கேஜ் (நுணுக்கமா அளவு காட்டுற கடிகார மீட்டர்) வெச்சுத்தான் பாக்கணும், ஜீப் அளவு ஆக்சிலுக்கு 0.15ல இருந்து 0.25 எம்எம் வரைக்கும் இருக்கலாம், உங்க ஆக்சில் மேனுவல்ல வேற போட்டிருந்தா அதுதான் சட்டம். அப்புறம் பல்லுல மார்க்கிங் கலர் தடவி சுத்திப் பாருங்க, பல்லோட நடுவுல நீள்வட்டமா தடம் விழணும். நுனியில மட்டும் விழுந்தா பினியன் ரொம்ப வெளிய நிக்குது, அடியில விழுந்தா ரொம்ப உள்ள போயிருச்சு, ஷிம் (மெல்லிசான இடைத் தகடு) மாத்தி மாத்தித்தான் கொண்டு வரணும். பொறுமை வேணும், ஒரு நாள் பூராம் கூட ஆகலாம். இதுல அவசரப்பட்டா 60ல போகும்போது ஊளையிட ஆரம்பிச்சு, மணல்ல சுமையோட பல்லு சிதறும்.

டிஃப்ரன்ஷியல் (திருப்பத்துல ரெண்டு சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடுற பாகம்) உள்ள இருக்கிற சின்ன கியருகள வெல்டு வெச்சு லாக் பண்ற பழக்கம் இருக்கு. ரோட்ல ஒரு அடியாவது ஓடப் போற வண்டிக்கு அதப் பண்ணவே கூடாது, திருப்பத்துல ரெண்டு சக்கரமும் ஒரே வேகத்துல சுத்தணும்னு அடம் பிடிக்கும், டயர் தேயும், ஷாப்ட் முறுக்கும், மழை ரோட்ல வண்டி நேராப் போயிரும். முன் ஆக்சில்ல பண்ணா ஸ்டீரிங்கே திரும்பாது.

ஆயில் 90 நம்பர், ஜிஎல்-5 தரம். சுமை இழுக்குற வேலையே அதிகம்னா 140 பக்கம் போகலாம்.

ஸ்பிரிங் மேல உக்கார வெக்கிறது

இங்கதான் வண்டி நல்லா ஓடுமா ஓடாதான்னு முடிவாகுது, அதனால கொஞ்சம் விரிவாச் சொல்றேன்.

ஆக்சில் பட்டைக்கு மேலயா கீழயா? பட்டைய ஆக்சிலுக்கு மேல தூக்கிப் போட்டா ஒரே அடியா 5 இஞ்ச் பக்கம் ஒசரும், பாக்க கெத்தா இருக்கும். ஆனா டிராக் லிங்க் (ஸ்டீரிங் பாக்ஸ்ல இருந்து சக்கரத்தத் திருப்பப் போற ராடு) சாஞ்சு போய் ஒவ்வொரு குழியிலயும் ஸ்டீரிங் தானா இழுக்கும், இழுவையில பட்டை எஸ் மாதிரி நெளியும், அதத் தடுக்க தனியா ஒரு டார்க் ராடு போடணும், காத்து அடிக்கிற பாம்பன் பாலத்துல அந்த ஒசரத்தோட போறது நல்லதில்ல. மணலுக்கு ஒசரத்த விட டயர் பரப்புதான் முக்கியம். பழைய ஜீப்புல இருக்கிறபடி பட்டை ஆக்சிலுக்குக் கீழயே இருக்கட்டும், நல்ல வளைவு உள்ள புதுப் பட்டை கட்டு போட்டு 2 இஞ்ச் ஒசத்துனா போதும்.

புது ஆக்சில்ல பட்டை உக்காருற பேட் வேற இடத்துல இருக்கும், வெட்டி எடுத்துட்டு உங்க சேசிஸ் அகலத்துக்குப் புது பேட் வைக்கணும். மொதல்ல வெறும் டேக் (சின்னப் பொட்டு வெல்டு) மட்டும் வைங்க. யூ போல்ட் மாட்டி, சக்கரம் மாட்டி, வண்டியத் தரையில இறக்கி, இன்ஜின் பாடி எல்லாம் ஏறுன முழு வெயிட்டோட நிக்கும்போதுதான் கோணத்தப் பாக்கணும். பின்னாடி சாதா ரெண்டு கிராஸ் (மடங்கிச் சுத்துற ஜாயின்ட்) வெச்ச ப்ரொப்பல்லர்னா டிரான்ஸ்ஃபர் கேஸ் வெளிய வர்ற கோணமும் பினியன் கோணமும் ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கணும். காந்தம் ஒட்டுற ஆங்கிள் கேஜ் கம்மி விலைக்கு கிடைக்குது, இல்லாட்டி ஃபோன்ல லெவல் ஆப் கூட சமாளிக்கும். பின்னாடி இழுவையில பினியன் மூக்கு மேல தூக்கும், அதனால ஒண்ணு ரெண்டு டிகிரி கீழ பாத்த மாதிரி வெச்சா ஓடும்போது சரியா வந்துரும்.

முன்னாடி கொஞ்சம் சிக்கல். முன் ஆக்சிலத் திருப்புனா பினியன் கோணமும் மாறும், காஸ்டரும் (முன் சக்கரம் திரும்புற அச்சு பின்பக்கம் சாஞ்சிருக்கிற கோணம்) மாறும், ரெண்டும் ஒரே இரும்பு. பினியன ப்ரொப்பல்லர் பக்கம் தூக்குனா காஸ்டர் கம்மியாகும், காஸ்டர் கம்மியானா ஸ்டீரிங் திருப்பத்துல இருந்து தானா நேராக வராது, 50, 60 போகும்போது முன் சக்கரம் வெடவெடன்னு ஆட ஆரம்பிக்கும். இப்படி முட்டும்போது காஸ்டருக்குத்தான் முதலிடம், ப்ரொப்பல்லர் கோணத்துல கொஞ்சம் விட்டுக் குடுக்கலாம், ஏன்னா முன் ப்ரொப்பல்லர் மெதுவாப் போகும்போதுதான் வேலை செய்யுது. மாத்தத்துக்கு முன்னாடி உங்க வண்டியில காஸ்டர் எவ்வளவு இருந்துச்சுன்னு எழுதி வெச்சுக்கோங்க, 3ல இருந்து 6 டிகிரிக்குள்ள வர வைங்க. ஒண்ணு ரெண்டு டிகிரி குறைச்சல்னா பட்டைக்கும் பேட்டுக்கும் நடுவுல இரும்பு ஆப்பு வெச்சு சரி பண்ணலாம், அலுமினிய ஆப்பு வேணாம், நம்ம உப்புக்கு அது வெள்ளையா பூத்து நசுங்கி யூ போல்ட் லூசாயிரும்.

சதுரம் பாக்காம வெல்டு வெக்காதீங்க. இடது பக்கம் முன் பின் சக்கர மையத்துக்கு நடுவுல உள்ள தூரமும் வலது பக்கமும் ஒண்ணா இருக்கணும், குறுக்கு அளவும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும், 3 எம்எம்முக்கு மேல வித்தியாசம் இருந்தா வண்டி நண்டு மாதிரி கோணிக்கிட்டுத்தான் போகும்.

எல்லாம் சரியா வந்தப்புறம் பட்டையக் கழட்டிட்டு முழு வெல்டு. பட்டை மேல வெல்டிங் சூடோ பொறியோ பட்டா அந்த இடத்துல பதம் போயி ஒருநாள் டக்குன்னு ஒடையும். சாதாரண கேட் வெல்டிங் பண்ற 6013 ராடு இதுக்குப் பத்தாது, 7018 ராடு வேணும், அது ஈரம் குடிச்சா வெல்டுக்குள்ள விரிசல் விடும், நம்ம கடல் காத்துல பாக்கெட்டப் பிரிச்சு வெச்சா வெரசா ஈரம் ஏறிரும், அதனால மூடுன பாக்கெட்டா வாங்கி அன்னைக்கே பிரிச்சு அன்னைக்கே முடிங்க. ஒரே இழுப்பா வெல்டு ஓட்டாதீங்க, டியூப் வளைஞ்சிரும், இந்தப் பக்கம் ஒரு இஞ்ச், அந்தப் பக்கம் ஒரு இஞ்ச், நடுவுல ஆற விட்டு. தண்ணி ஊத்தி ஆத்தக் கூடாது. எர்த் கிளாம்ப்ப வெல்டுக்குப் பக்கத்துல டியூப்லயே மாட்டுங்க, தூரத்துல மாட்டுனா கரண்ட் பேரிங் வழியாப் போயி அதப் பொசுக்கிரும். நடுவுல இருக்கிற வார்ப்பு உருண்டையில வெல்டு வெக்கிற வேலைய வீட்ல பண்ணாதீங்க.

ஸ்டீரிங், ப்ரொப்பல்லர், பிரேக்

டை ராடு முனை எல்லாம் புதுசு போடுங்க. டிராக் லிங்க் முடிஞ்ச வரைக்கும் தரைக்கு இணையா இருக்கணும். டோ இன் (முன் சக்கரம் ரெண்டும் முன்பக்கம் உள்ள பாத்து இருக்கிற அளவு) 2, 3 எம்எம் போதும். ஸ்டீரிங் சம்பந்தப்பட்ட எந்த ராடையும் நடுவுல வெட்டி ஒட்டாதீங்க, நீளம் பத்தலைன்னா கனமான டியூப்ல புதுசா திரெட் போட்டு லேத்துல பண்ணி வாங்குங்க.

ப்ரொப்பல்லர் அளவெடுக்கும்போது வண்டிய சேசிஸ்ல தூக்கி ஆக்சிலத் தொங்க விட்டு ஒரு அளவு, பட்டை முழுசா அமுங்குன நிலையில ஒரு அளவு எடுங்க. தொங்கும்போது ஸ்ப்லைன் (நீளம் கூடிக் குறையுற பல்லு ஜாயின்ட்) கழண்டு வரக் கூடாது, அமுங்கும்போது முட்டக் கூடாது. ரெண்டு முனை யோக்கும் (கிராஸ் மாட்டுற கவை) ஒரே நேர்கோட்ல இருக்கணும், ஒரு பல்லு மாறி மாட்டுனாலும் அதிர்வு வரும். தொங்க விட்ட இதே நிலையிலயே பிரேக் ஹோஸ் இழுபடுதான்னும் பாத்துக்கோங்க, ஸ்டீரிங் ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பி.

பெரிய ஆக்சிலோட பெரிய பிரேக்கும் வரும், ஆனா பழைய மாஸ்டர் சிலிண்டரு அதுக்குத் தேவையான ஆயிலத் தள்ளாது, பெடல் தரை வரைக்கும் போகும். மாஸ்டர ஆக்சிலோட ஜோடி பாத்து மாத்துங்க, முன்னாடி பின்னாடி தனித்தனி லைன் உள்ள டேன்டம் மாஸ்டர் கண்டிப்பா வேணும். பழைய ஜீப்புல கை பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னாடி இருக்கும், ப்ரொப்பல்லரக் கழட்டுனா கை பிரேக்கும் இல்லைங்கிறத மறக்காதீங்க, சக்கரத்துக்குக் கட்டை வைங்க. ஈர மணல் டிரம்முக்குள்ள போனா லைனிங்க அரைச்சிரும், முன்னாடியாவது டிஸ்க் இருந்தா கழுவுறதுக்கு லேசு.

டயரும் முள்ளும்

மணல்ல மண்ணத் தோண்டுற பெரிய பெரிய கட்டை வெச்ச டயர் நமக்கு எதிரி, அது குழி பறிச்சுக்கும். அகலமான ஆல் டெரெய்ன் டயர், பக்கவாட்டுச் சுவர் கொஞ்சம் ஒசரமா, காத்து இறக்குனா நல்லா பரவுற மாதிரி. ரோட்ல 30 பிஎஸ்ஐ ஓடுற வண்டி மணல்ல 15, 18க்கு இறங்கணும். 12க்குக் கீழ போனா சாதா ரிம்மில இருந்து டயர் கழண்டுரலாம். தனுஷ்கோடிக்கு 2017ல ரோடு திறக்குறதுக்கு முன்னாடி மணல்ல டூரிஸ்ட் ஏத்துன ஜீப், வேன்காரங்க ஓட்டுனதப் பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், விரட்டாம நிறுத்தாம ஒரே சீரா, பழைய தடத்துலயே போவாங்க.

முள்ளுதான் நம்ம ஊரு தனிப் பிரச்சனை. சீமைக் கருவை முள்ளு டயர் முகத்துல குத்துனா பிளக் போட்டு அடைச்சிரலாம், காத்து இறக்குன டயரோட பக்கச் சுவர்ல குத்துனா ஒண்ணும் பண்ண முடியாது. அதனால கருவைக் காட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி காத்து ஏத்திக்கோங்க, மணல் வந்தப்புறம் இறக்குங்க. கம்ப்ரஸர், பிளக் கிட், முழு சைஸ் ஸ்டெப்னி இல்லாம கிளம்பாதீங்க.

மாட்டிக்கிட்டா வின்ச் (கயிறச் சுத்தி வண்டிய இழுக்குற மிஷின்) கட்டுறதுக்குக் கருவை மரம் நம்ப முடியாது, பனை நிக்கும், தூர்ல பட்டை பெல்ட் சுத்திக் கட்டுங்க, வெறும் கம்பி கயிறு மரத்த அறுத்துரும். மரமே இல்லாத கரையில ஸ்டெப்னிய ஆழமாப் புதைச்சு அதுல கட்டி இழுக்கலாம். கயிறு விறைச்சு நிக்கும்போது பக்கத்துல ஒரு ஆளும் நிக்கக் கூடாது.

உப்பு

ஆக்சில் எவ்வளவு கெட்டியா இருந்தாலும் நம்ம ஊர்ல வண்டியக் கொல்றது உப்புதான். பெயின்ட்டுக்கு முன்னாடி துருவ இரும்பு வெளுக்குற வரைக்கும் எடுத்துட்டு, நல்ல தண்ணியில கழுவிக் காய வெச்சு, ஜிங்க் பிரைமர், மேல எபாக்ஸி. பிரைமர காலையில அடிக்காதீங்க, பனி ஈரம் இரும்புல இருக்கும், வெயில் ஏறி இரும்பு காஞ்சப்புறம் அடிங்க. பெட்டி சேசிஸ்ல கீழ்ப்பக்கம் தண்ணி வடியுற ஓட்டை இருக்கான்னு பாத்து, அடைச்சிருந்தா தொறந்து விடுங்க, உள்ள மெழுகு மாதிரி கேவிட்டி ஸ்ப்ரே அடிங்க. கழிவு ஆயில் அடிக்கிற பழக்கம் இருக்கு, அது மணல்ல சொட்டி ஊருணித் தண்ணியில போய்ச் சேரும், ரப்பர் புஷ்ஷையும் ஊற வெச்சிரும், வேணாம்.

வண்டிய கழுவுறதுன்னா எந்தத் தண்ணியில? நம்ம பக்கம் நிறைய போர்ல வர்றதே உப்புத் தண்ணி, அதுல அடியில கழுவிட்டு சுத்தமாயிருச்சுன்னு நெனச்சா திரும்ப உப்பத்தான் தெளிச்சிருக்கோம். தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்ப அளக்குற ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி உங்க தண்ணியப் பாருங்க. மழைக்காலத்துல கூரைத் தண்ணிய ஒரு பெரிய டேங்க்ல புடிச்சு வெச்சு அடிப்பக்கம் கழுவ மட்டும் வெச்சுக்கோங்க, கரைக்குப் போன ஒவ்வொரு தடவையும், அன்னைக்கே.

ஆக்சில் பிரீதர் (ஆக்சிலுக்குள்ள காத்து போய் வர்ற துளை) இத விட முக்கியம். ஓடி சூடான ஆக்சில் ஓடைத் தண்ணியில இறங்குன உடனே குளிர்ந்து உள்ள காத்து சுருங்கும், அந்த இழுப்புல சீல் வழியாவும் பிரீதர் வழியாவும் உப்புத் தண்ணி உள்ள போகும். ரெண்டு ஆக்சில் பிரீதர்லயும் டியூப் மாட்டி பானெட்டுக்குள்ள ஒசரத்துல கொண்டுபோய்க் கட்டுங்க, முனையில சின்ன ஃபில்டர். தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் ஆற விடுங்க. ஹப்புக்கு படகு வேலைக்கு விக்கிற தண்ணி தாங்குற கிரீஸ் வைங்க.

கச்சான் காத்து (மேக்குக் காத்து) காலத்துல மணல் பறந்து ஏர் ஃபில்டர அடைக்கும், டிராக்டர்ல மேல தெரியுற கிண்ணம் மாதிரி ப்ரீ கிளீனர் டிராக்டர் ஸ்பேர் கடையிலயே கிடைக்கும், அத மாட்டுனா பெரும்பாலான மணல் ஃபில்டருக்கு வர்றதுக்கு முன்னாடியே நின்னுரும். வயர் ஜாயின்ட் எல்லாம் ஹீட் ஷ்ரிங்க் போட்டு, டெர்மினல்ல வாஸ்லின் தடவி விடுங்க.

முதல் ஓட்டம்

மொதல்ல சொந்த இடத்துல, கெட்டித் தரையில, டூ வீல் டிரைவ்ல, 20க்கு மேல போகாம. பிரேக்கப் புடிச்சுப் பாருங்க, ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. கொஞ்ச நேரம் ஓட்டிட்டு ஒவ்வொரு ஹப்பையும் கையால தொட்டுப் பாருங்க, ஒண்ணு மட்டும் கை வெக்க முடியாத சூடுன்னா பேரிங் இறுக்கம் இல்ல பிரேக் ஒட்டுது. புது க்ரவுன் செட்ட அரை மணி ஓட்டி முழுசா ஆற விடுங்க, திரும்ப ஓட்டுங்க, ஆரம்பத்துலயே சுமை கட்டி இழுக்காதீங்க. ஃபோர் வீல் போட்டுப் பாக்குறது மணல்ல மட்டும், தார் ரோட்ல போட்டா பல்லுக இறுகி நிக்கும்.

100 கிலோமீட்டர்ல யூ போல்ட் எல்லாத்தையும் திரும்ப இறுக்குங்க, பட்டை உக்காந்து கண்டிப்பா லூசாகி இருக்கும், வீல் நட்டும் அப்படித்தான். வெல்டு வெச்ச இடத்தத் துடைச்சு வெளிச்சத்துல பாருங்க, பெயின்ட்ல மயிர்க்கோடு மாதிரி தெரிஞ்சா வெல்டு விரிசல், அந்த வண்டிய அதோட நிறுத்தணும். 500ல ஆக்சில் ஆயில மாத்துங்க, வடியுற ஆயில் பால் மாதிரி வெளுத்து இருந்தா தண்ணி போயிருக்கு, எந்த சீல்னு கண்டுபிடிச்சு மாத்திட்டு அப்புறம் புது ஆயில் ஊத்துங்க, வடிகால் போல்ட்டுல இருக்கிற காந்தத்துல பொடி ஒட்டியிருந்தா சரி, பல்லுத் துண்டு ஒட்டியிருந்தா கவரத் தொறந்துருங்க.